கல்லச்சும் கலகமும்

(அச்சேற்றியவர்கள் – 7)

சென்ற வாரம் ஸெனபெல்டர் கண்ட கல்லச்சு முறையைச் சொல்லி நிறுத்தினோம். பவேரியா தேசத்துச் சுண்ணாம்புக் கல்லின் வழவழப்பான முகத்தில் சித்திரக்காரன் கொழுப்புக் கலந்த மைக்கோலால் தன் கைப்பட எழுதுவதும், அக்கல்லை நனைத்து மை உருளையை ஓட்டும்போது ஈரமான இடமெல்லாம் மையை உதறிவிட எழுதிய கோடு மட்டும் அதை வாங்கிக்கொள்வதும், நடுவே செதுக்குகிறவன் என்று ஒருவனுடைய தயவு இல்லாமலே அக்கோடு காகிதத்தில் இறங்கிவிடுவதுமாகிய அந்த வித்தையை இசைத் தாள் அச்சிடுவோரும் தேசப்படம் அச்சிடுவோரும் கைக்கொண்டனர். கலைஞர் சிலரும் அதனால் அழகிய தனிப்படங்களை வெளியிட்டனர். ஆனால் அக்கல்லுக்கு வேகம் என்றொரு குணம் இருக்கிறது, நாட்டில் நடக்கும் விஷயம் ஆறிப்போகுமுன் அதைப் படமாக்கி விற்றுவிடலாம் என்பதைக் கண்டுகொண்டு, அந்த ஒரு குணத்தின்மேல் ஒரு தொழிலையே எழுப்பியவர் பிரெஞ்சு தேசத்துப் பிரசுரகர்த்தர் ஷார்ல் பிலிப்போன்.

இவர் 1800-ஆம் ஆண்டில் லியோன் நகரில், சுவர்க்காகிதம் உற்பத்தி செய்யும் ஒருவருக்கு மகனாகப் பிறந்தார். பாரிஸுக்கு வந்து, கீர்த்தி பெற்ற ஓவியரான குரோவிடம் சித்திரம் பயின்றார். எனினும் அவருடைய கைக்கு மகா சித்திரக்காரனாகும் யோகம் வாய்க்கவில்லை. பதிப்பாளர் தொழிலுக்கு இது ஒரு குறையன்று, பெரிய அனுகூலம் என்றே நான் கருதுகிறேன். தன் கையால் ஆகாததைக் கண்ணால் அளக்கத் தெரிந்தவன், பிறர் கைத்திறத்தைக் கண்டு பொருமாமல் அதற்குத் தக்க வேலை தேடித் தருவான். 1829-ஆம் ஆண்டின் இறுதியில், தம் சகோதரியின் கணவரான ஓபேர் என்பவரோடு சேர்ந்து, பாரிஸில் வெரோ-தோதா என்னும் கூரையிட்ட கடைவீதியில் படக்கடை ஒன்றைத் திறந்தார். அந்தக் கடையின் கண்ணாடிச் சன்னலில் புதுப் படங்கள் தொங்கும். காசு கொடுத்து வாங்குகிறவன் ஒருவன் என்றால், நின்று பார்த்துச் சிரித்துவிட்டுப் போகிறவர்கள் பெருங்கூட்டம். அக்கூட்டத்தையே ஒரு படமாக எழுதுவித்து, அதையும் அதே கடையில் விற்றார் என்றால் அவருடைய சாமர்த்தியத்தை வேறென்ன சொல்லி விளக்குவது!

1830 ஜூலையில் நடந்த புரட்சியால் லூயி பிலிப் அரசரானார். தணிக்கை இனி ஒருபோதும் திரும்பாது என்று அவ்வாண்டின் சாசனம் வாக்களித்தது. அந்த வாக்கை நம்பி, நவம்பர் 4-ஆம் தேதி ‘லா காரிகாத்தூர்’ என்னும் வாரப் பத்திரிகையைப் பிலிப்போன் தொடங்கினார். நாலு பக்கம் எழுத்து; அதனோடு, பைண்டு செய்து வைத்துக்கொள்ளத் தக்க நல்ல காகிதத்தில் தனியே அச்சிட்ட இரண்டு கல்லச்சுப் படங்கள்; வருஷச் சந்தா 52 பிராங்கு. ஆரம்ப காலத்தில் பால்ஸாக் புனைபெயர்கள் பலவற்றில் அதற்கு எழுதினார். கிராண்வில், திராவியே, அப்போது பெயர் தெரியாத இளைஞராயிருந்த தோமியே முதலியோர் படம் எழுதினர். என்ன எழுத வேண்டும் என்ற யோசனையும், படத்தின் அடியில் வரும் வாசகமும் பெரும்பாலும் பிலிப்போனிடமிருந்து பிறந்தன.

புதிய அரசர் தாம் கொடுத்த வாக்குகளை மெல்ல மெல்ல நழுவவிடத் தொடங்கியபோது, ஜூலைப் புரட்சியின் வாசகங்களைச் சுவரிலிருந்து மறைத்துச் சாந்து பூசும் கொத்தனாராக அவரைச் சித்திரித்து ஒரு படம் வெளியாயிற்று. அதற்காக 1831 நவம்பர் 14-ஆம் தேதி பிலிப்போன் நியாயஸ்தலத்தில் நிறுத்தப்பட்டார். அவர் செய்த வாதம் விசித்திரமானது. அந்தக் கொத்தனாரிடம் அரசருக்குரிய சின்னம் எதுவும் இல்லை. முகச்சாயல் ஒன்றே குற்றமென்றால் எந்தப் பொருளைத்தான் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற முடியாது என்று சொல்லி, காகிதத்தில் நான்கு தலைகளை வரைந்தார். முதலாவது சாக்ஷாத் அரசரின் முகம்; இரண்டாவதில் கன்னம் சற்றுத் தொங்கி உச்சி குறுகியது; மூன்றாவதில் கண்ணும் மூக்கும் காய்க்குள் அமிழ்ந்தன; நான்காவது வெறும் பேரிக்காய். முதலாவதைத் தண்டித்தால் அதை ஒத்த இரண்டாவதையும், பிறகு மூன்றாவதையும் தண்டிக்க வேண்டிவரும். முடிவில் சந்தையில் விற்கும் பேரிக்காயையும் விலங்கிட வேண்டிவருமே என்பது அவருடைய தர்க்கம். ஜூரிகள் சிரித்திருக்கலாம்; ஆனால் விடவில்லை. ஆறு மாதச் சிறைவாசமும் 2000 பிராங்கு அபராதமும் கிடைத்தன.

வேறொருவராயிருந்தால் மேல்முறையீட்டுக்கு வக்கீல் வீட்டு வாசலில் காத்துக் கிடந்திருப்பார். பிலிப்போனோ பத்து நாளில், அதாவது நவம்பர் 24-ஆம் தேதி, அந்த நான்கு தலைகளையே அச்சிட்டு விற்று, அபராதத்தை அபராதத்துக்குக் காரணமான சரக்கைக் கொண்டே கட்ட முனைந்தார். இவ்விடத்தில்தான் இவர் மற்றப் பிரசுரகர்த்தர்களிடமிருந்து வேறுபடுகிறார். இடையூறு வந்தால் அதைத் தம் அச்சுக்கூடத்துக்கு வந்த ஆர்டராகவே பாவித்தார். சில மாதங்களில் பாரிஸ் நகரத்துச் சுவர்களிலெல்லாம் கரியால் கிறுக்கிய பேரிக்காய்கள் தோன்றின. எழுதப் படிக்கத் தெரியாதவனும் ஒரே கோட்டில் அரசரைப் பரிகாசம் செய்துவிட்டுப் போகலாம் என்றாயிற்று.

1832-ஆம் ஆண்டின் பெரும்பகுதியைப் பிலிப்போன் காவலில் கழித்தார். அரசரைப் பெருந்தீனிக்காரனாக எழுதியதற்காகத் தோமியேயும் அவ்வாண்டில் சிறை புகுந்தார். ஆயினும் புதிய திட்டங்கள் அங்கிருந்தே உற்பத்தியாயின. மாதம் ஒரு பிராங்கு செலுத்தும் சந்தாதாரர்களைச் சேர்த்து, அவர்களுக்கு மாதந்தோறும் உயர்ந்த காகிதத்தில் ஒரு பெரிய கல்லச்சுப் படம் அனுப்பி, அந்த வருமானத்தைக் கொண்டு பத்திரிகையின் அபராதங்களைத் தீர்ப்பது ஒரு திட்டம். தண்டனைக்கு நிதி திரட்டத் தொடங்கிய இந்தச் சந்தாதாரர் சங்கம் 24 படங்களை வெளியிட்டது. அவற்றுள் கடைசியானது தோமியே எழுதிய ‘ரூ த்ரான்ஸ்நோனேன்’. 1834 ஏப்ரலில் பாரிஸில் அத்தெருவிலுள்ள வீடொன்றில் சிப்பாய்கள் புகுந்து குடியிருந்தோரைக் கொன்றதன் மறுநாட் காலை அது: கட்டிலிலிருந்து சரிந்த ஒரு மனிதன் இரவு உடையோடு கிடக்கிறான், அவனுக்கு அடியில் நசுங்கி ஒரு குழந்தை. அதில் பரிகாசம் இல்லை. போலீஸார் அகப்பட்ட பிரதிகளை அள்ளிச் சென்றனர், கல்லும் பறிமுதலாயிற்று.

இதற்குள் 1832 டிசம்பர் 1-ஆம் தேதி ‘லெ ஷாரிவாரி’ பிறந்துவிட்டது. நாள்தோறும் ஒரு புதிய படம் என்று வாசகர்களுக்கு வாக்குக் கொடுத்த தினப்பத்திரிகை! பின்னால் 1841-இல் லண்டனில் தோன்றிய ‘பஞ்ச்’, தன்னை ‘லண்டன் ஷாரிவாரி’ என்றே கூறிக்கொண்டது. ‘லெ ஷாரிவாரி’மேல் வந்த ஒரு தீர்ப்பை அப்பத்திரிகையிலேயே வெளியிட வேண்டும் என்று கட்டளை பிறந்தபோது, 1834 பிப்ரவரி 27-ஆம் தேதி இதழில் அத்தீர்ப்பை எழுத்துப் பிசகாமல் வெளியிட்டார்கள். ஆனால் உச்சியில் ஓரிரு சொற்களும் வரவரக் கீழே அகன்ற வரிகளுமாக எழுத்துக் கோப்பவர் அதை அடுக்கியதில், நீதியின் வாசகம் முழுவதும் ஒரு பேரிக்காயாகத் திரண்டு நின்றது. கட்டளைக்குக் கீழ்ப்படிந்ததில் ஒரு குறையும் காண முடியாது.

தோமியேயைக் கொண்டு பிலிப்போன் செய்வித்த இன்னொரு காரியமும் குறிப்பிடத்தக்கது. அரசியல்வாதிகளின் முகங்களைச் சிறு களிமண் உருவங்களாகப் பிடித்து வர்ணம் பூசச் செய்தார். அவற்றை அடியொற்றிக் கல்லில் படங்கள் எழுந்தன. சுடாத மண்ணான அவ்வுருவங்களில் 36 இன்றும் பாரிஸில் ஓர்சே அருங்காட்சிசாலையில் இருக்கின்றன.

1835-ஆம் ஆண்டில் அரசரைக் கொல்ல நடந்த முயற்சியைக் காரணமாகக் கொண்டு செப்டம்பர்ச் சட்டங்கள் வந்தன. எழுத்து அபிப்பிராயம், ஆகவே அதற்குச் சாசனத்தின் பாதுகாப்பு உண்டு. படமோ கண்ணோடு பேசுவது, அது செயலுக்குச் சமம், ஆகவே முன்னனுமதி வேண்டும் என்று மந்திரிகள் வியாக்கியானம் செய்தனர். படத்தின் வலிமைக்கு இதைவிடச் சிறந்த நற்சாட்சிப் பத்திரத்தை எந்த ரசிகரும் எழுதித் தந்ததில்லை. பத்திரிகைகள் கட்ட வேண்டிய ஜாமீன்தொகையும் ஒரு லட்சம் பிராங்காக உயர்ந்தது. இத்தகைய ஜாமீன்தொகையை, 1910-ஆம் வருஷத்து அச்சுச் சட்டத்தின்கீழ் நம் நாட்டாரும் அரசாங்கத்திடம் கட்ட நேர்ந்தது. மசோதா சட்டமாகுமுன்னரே ‘லா காரிகாத்தூர்’ தன் கதவைத் தானே சாத்திக்கொண்டது.

அரசரைத் தொடக்கூடாதென்றால் அரசர் ஆளும் சமூகத்தைத் தொட்டால் போயிற்று. நாடக மேடையில் பிரசித்தமான ரொபேர் மக்கேர் என்னும் எத்தனை எடுத்து, ஒரு படத்தில் பங்கு விற்பவனாகவும், மற்றொன்றில் வைத்தியனாகவும், வேறொன்றில் வக்கீலாகவும் நடமாடவிட்டு, பிலிப்போன் வாசகம் சொல்லத் தோமியே 1836 முதல் 1838 வரை நூறு படங்கள் எழுதினார். அவை பின்பு நூலாகவும் வெளிவந்தன. பாரிஸ் மனிதர்களை இனம் பிரித்து நையாண்டி செய்யும் சட்டைப்பை அளவுப் படநூல்களும், ஒரு பிராங்கு விலையில், ஓபேர் கடையிலிருந்து புறப்பட்டன.

சித்திரக்கதை பிலிப்போனுடைய கையில் வந்த விதம் அவ்வளவு நேரியதன்று. ஜெனீவா நகரத்துப் பள்ளி ஆசிரியரான தொப்ஃபர், படவரிசைகளும் அவற்றின் அடியில் கையெழுத்து வாசகங்களுமாக ‘முஸியே ஷாபோ’ முதலிய வேடிக்கைக் கதைகளை எழுதி அச்சிட்டிருந்தார். 1839-இல் ஓபேர் கடை அவற்றுள் மூன்றைப் பிரதியெழுதி, ஆசிரியரைக் கேளாமலே பாரிஸில் விற்றது. அயல்நாட்டு நூல்களுக்குப் பிரெஞ்சுச் சட்டம் 1852 வரை பாதுகாப்பு அளிக்காததால், சட்டப்படி அது திருட்டு அன்று. வேறெந்தப்படிப் பார்த்தாலும் திருட்டுத்தான். தம் உரிமைக்காக அரசரோடு மல்லுக்கு நின்றவர் ஒரு வாத்தியாரின் உரிமையை இப்படிக் கைப்பற்றியதை, அவரிடம் எனக்குள்ள மரியாதையை உத்தேசித்து மழுப்ப நான் விரும்பவில்லை. ஆயினும் களவாடியதோடு அவர் நின்றுவிடவில்லை. அதே வடிவத்தில் புதுக் கதைகள் எழுத இளைஞர்களைத் தேடினார். அவ்வாண்டிலேயே ஷாம் என்னும் பெயர் பூண்ட இருபத்தொரு வயதினர் தம் முதல் சித்திரக்கதையை ஓபேர் கடைக்குத் தந்தார். ‘ஷாபோ ஆல்பங்கள்’ என்றே ஒரு வரிசை உண்டாயிற்று.

அவ்வரிசையில் 1847-ஆம் ஆண்டில், ஹெர்க்குலிஸின் சாகசங்களைக் கேலி செய்யும் ஓர் ஆல்பம் வெளிவந்தது. இதை யோசித்ததும் எழுதியதும் கல்லில் ஏற்றியதும் பதினைந்து வயதுப் பையன் ஒருவன், அவன் குருவின்றித் தானே சித்திரம் கற்றவன் என்று பிரசுரகர்த்தரின் முன்குறிப்புச் சொல்லியது. வயதையும் விளம்பரமாக்கும் வித்தை அன்றைக்கே இருந்திருக்கிறது. வெளியூரிலிருந்து தந்தையோடு பாரிஸ் பார்க்க வந்து, பிலிப்போனின் கடைச் சன்னலைக் கண்டு, தன் படங்களை எடுத்துக்கொண்டு உள்ளே நுழைந்தவன் அப்பையன். பிலிப்போன் அவனுடைய தந்தையோடு மூன்றாண்டு ஒப்பந்தம் செய்துகொண்டார். தம்முடைய ‘ஷூர்னால் பூர் ரீர்’ என்னும் புதிய வாரப் பத்திரிகைக்கு வாரந்தோறும் அவன் படம் தரவேண்டும் என்பது நிபந்தனை. பத்திரிகை 1848 பிப்ரவரியில் தொடங்கியது. அதே மாதத்தில் லூயி பிலிப் முடி துறந்து இங்கிலாந்துக்கு ஓடினார். அடுத்த மாதம் செப்டம்பர்ச் சட்டங்களும் ரத்தாயின. பள்ளிக்கூடத்துக்கும் அச்சுக்கூடத்துக்குமாக அலைந்துகொண்டு அந்த ஒப்பந்தத்தை நிறைவேற்றிய பையனின் பெயர் குஸ்தாவ் தொரே. அவனுடைய கதை அடுத்த வாரம்.