200 கேபிக்குள் 100 ஜிபி டிஸ்க்! தெரியுமா?

சொந்த சர்வர்களில் ஓடும் பிரைவேட் கிளவுடில் விஎம் (சர்வருக்குள் ஓடும் மெய்நிகர் கணினி) ஒன்று ‘என் டிஸ்க்’ என்று நம்பிக்கொண்டிருப்பது என்ன தெரியுமா? வெறும் ஒரு ஃபைல்! பிரைவேட் கிளவுட் அமைக்கும் ஓபன்ஸ்டாக் மென்பொருளில் லோக்கல் டிஸ்க் (அந்த சர்வரிலேயே உள்ள டிஸ்க்) வைத்தால் ஒவ்வொரு விஎம்முக்கும் ஒரு ஃபோல்டர். அதற்குள் ஒரு ஃபைல். அதன் பெயர்? ‘டிஸ்க்’!

கியூகவ்2 என்ற ஃபைல் வகையில் 100 ஜிபி டிஸ்க் உருவாக்கிப் பாருங்கள். ஃபைலின் அளவு சுமார் 200 கேபிதான்! விஎம் எழுத எழுதத்தான் அது வளரும்.

விஎம்முக்குத் தனி டிஸ்க் இருப்பதுபோலக் காட்டுவது நேற்று முளைத்த யோசனையா? இல்லவே இல்லை! ஒரு பெரிய டிஸ்க்கைக் கூறுபோட்டு, ஆளுக்கொரு ‘மினிடிஸ்க்’ கொடுத்தது ஐபிஎம்! எப்போது? 1960களிலேயே!

ஓபன்ஸ்டாக்கைத் தொடங்கியது யார் தெரியுமா? ராக்கெட் விடும் நாசாவும் ராக்ஸ்பேஸ் நிறுவனமும்! ஆண்டு 2010.

ஓஎஸ் அடங்கிய 2 ஜிபி இமேஜிலிருந்து 100 விஎம் கிளப்பினால் 200 ஜிபி வேண்டுமா? ஒரே சர்வரில் என்றால் வேண்டாம்! மூல இமேஜ் ஒரே ஒரு பிரதிதான். ஒவ்வொரு விஎம்மும் தான் மாற்றியதை மட்டும் தன் ஃபைலில் எழுதிக்கொள்ளும்!

பக்கத்திலேயே டிஸ்க் இருந்தால் என்ன லாபம்? வேகம்! பழைய சாட்டா முறையில் (ஏஹெச்சிஐ) ஒரே வரிசை, அதில் 32 கட்டளைகள். புதிய என்விஎம்இ விதிப்படி 65,535 வரிசைகள் வரை! ஒவ்வொன்றிலும் 65,536 கட்டளைகள் வரை நிற்கலாம்! 7,200 ஆர்பிஎம் ஹார்ட் டிஸ்க்கோ, தட்டு அரைச்சுற்று சுற்றவே 4 மில்லிசெகண்ட் எடுத்துக்கொள்ளும்!

விஎம்முக்குள் 50 ஜிபியை அழித்தாச்சு. சர்வரில் இடம் கிடைத்ததா? அழித்த இடத்தைத் திருப்பித் தரும் ‘டிஸ்கார்ட்’ வசதியை இயக்காவிட்டால், ஒரு கேபிகூடத் திரும்பாது!

1 டிபி டிஸ்க்கை 2 டிபியாகக் கணக்குக் காட்ட முடியுமா? முடியும்! டிஸ்க் ஒதுக்கீட்டு விகிதத்தை 2 என்று மாற்றினால் போதும். எல்லா விஎம்மும் ஒரே நேரத்தில் கேட்டால்? இடம் தீர்ந்துவிடும்! அப்போது விஎம்மை ஓட்டும் கியூஇஎம்யூ மென்பொருள் வழக்கமாக என்ன செய்யும் தெரியுமா? எழுத முயன்ற விஎம்மை அப்படியே உறையவைக்கும்! இடம் ஒதுக்கி மறுபடி ஓடவிட்டால், விட்ட இடத்திலிருந்தே தொடரும்!

ஓடும் விஎம்மை நிறுத்தாமலே வேறு சர்வருக்கு மாற்றலாமா? லோக்கல் டிஸ்க்கோடும் மாற்றலாம்! ஆனால் டிஸ்க்கும் கூடவே போகவேண்டும். 100 ஜிபி தரவு 1 ஜிகாபிட் நெட்வொர்க்கில் போக 13 நிமிடத்துக்கு மேல்! 10 ஜிகாபிட் என்றால் 80 விநாடி!

கடைசியாக ஒன்று. ஓபன்ஸ்டாக்கில் விஎம்மை டெலிட் செய்தால் அதன் லோக்கல் டிஸ்க் எங்கே போகும் தெரியுமா? எங்கும் போகாது, அதோடு காலி! வழக்கமாக ரீசைக்கிள் பின் கிடையாது! டேட்டாபேஸ் வைத்திருப்பவரே, பேக்கப் எடுத்தீர்களா?