புளியும் பித்தளையும்

பண்டிகைக்கு முதல் நாள் பரணிலிருந்து இறக்கப்பட்ட பித்தளைக் குத்துவிளக்கும் செப்புக் குடமும் கறுத்துப் பொலிவிழந்து நிற்க, அவற்றை எந்தக் கடைச் சரக்கின் சகாயமுமின்றி, கரைத்த புளி ஒன்றினாலேயே நம் இல்லத்தரசிகள் பொன்போலப் பிரகாசிக்கச் செய்து வந்திருப்பது, ரசாயன சாஸ்திரத்தின் நியாயத்துக்கு முற்றிலும் இசைந்த காரியமேயாகும். பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் கலந்த உலோகம். அதிலுள்ள செம்பு பிராணவாயுவோடு கூடி உண்டாக்கும் ஆக்ஸைடே அந்தக் கருமை. புளியிலுள்ள டார்டாரிக் அமிலம் அதனைக் கரைத்து விலக்கிவிட, அடியிலுள்ள உலோகம் தன் சுபாவமான நிறத்தோடு வெளிப்படுகிறது. சிறிது உப்பும் சேர்த்துக்கொண்டால் வேலை துரிதப்படும். செங்கற்பொடி வேண்டியதில்லை; அது அழுக்கோடு விளக்கின் நுட்பமான வேலைப்பாட்டையும் சேர்த்தே தேய்த்துவிடும். தேய்த்த பின் புளிப்புச் சற்றும் எஞ்சாதபடி கழுவி, உலர்ந்த துணியால் துடைத்து வைக்காவிட்டால், விரைவிலேயே பச்சைக் களிம்பு பிடித்துக்கொள்ளும்.

எண்ணெய்ப் பிசுக்குக்குப் புளி உதவாது. அதனை முதலில் சீயக்காய்த் தூளாலோ, க்ஷார குணமுள்ள சலித்த விறகுச் சாம்பலாலோ போக்கிவிட வேண்டும்.

இயற்கைப் பொருள் என்பதனாலேயே புளி போன்ற புளிப்புப் பொருள் எங்கும் தீங்கற்றது என்று கொள்வதற்கில்லை. சுண்ணாம்புக் கல் இனத்தைச் சேர்ந்த கடப்பைக் கல் மேடையிலோ சலவைக்கல் தரையிலோ எலுமிச்சைச் சாறு தங்கினால், மெருகு அரிக்கப்படும். அதனினும் முக்கியமாக, புளி, எலுமிச்சை, வினிகர் முதலியவற்றைப் பிளீச்சிங் பவுடரோடு ஒருபோதும் கலக்கலாகாது; அச்சேர்க்கையிலிருந்து கிளம்பும் குளோரின் வாயு நுரையீரலைத் தாக்கும் விஷம்.