எழ மறுக்கும் மெய்நிகர் கணினி

ஒரே வீட்டில் ஒண்டுக்குடித்தனம் நடத்துவோரைப் போல, ஒரு கணினியின் நினைவகத்தையும் வட்டையும் பங்கிட்டுக்கொண்டு அதனுள்ளேயே இயங்கும் இன்னொரு கணினியை மெய்நிகர் கணினி என்கிறோம். ஐ.பி.எம். நிறுவனம் 1972-இலேயே தன் பெரிய கணினிகளுக்கு இவ்வசதியை அளித்தது. 2007-இல் வெளிவந்த விர்ச்சுவல் பாக்ஸ் அதனை மாணவியர் கைக்கும் எட்டச் செய்தது. விண்டோஸ் கணினிக்குள் நாங்கள் லினக்ஸ் பழகுவது இதனால்தான்.

ஒருநாள் அது எழ மறுத்தால்? 'பூட் செய்யத்தக்க வட்டு இல்லை' என்ற பொருளில் ஆங்கில வரியொன்று கறுப்புத் திரையில் தோன்றும். "எல்லாம் போய்விட்டதடி!" என்று கலங்கி, அக்கணினியை நீக்கிவிட்டுப் புதிதாக அமைக்க ஓடுவோர் உண்டு. தோழியரே, சற்றுப் பொறுங்கள்! நீக்கும்போது கோப்புகளையும் அழித்துவிட்டால் ஓராண்டுப் பயிற்சியும் நொடியில் மறையும். அந்த வரியோ, 'தேடினேன், கிடைக்கவில்லை' என்றுதான் சொல்கிறது. அழிந்துவிட்டது என்று சொல்லவில்லை.

எங்கே தேடியது? மெய்நிகர் கணினிக்கும் ஒரு வரிசை உண்டு: முதலில் ஃபிளாப்பி (எங்கள் வகுப்பில் அதைக் கண்டவர் எவருமிலர்!), பிறகு சி.டி., அதன்பின் ஹார்ட் டிஸ்க். ஆகவே அமைப்புப் பக்கத்தில் ஹார்ட் டிஸ்க் கோப்பு இணைந்துள்ளதா என்று முதலில் பார்க்க வேண்டும். புதிய கணினியாயின், நிறுவும் சி.டி.யின் ஐ.எஸ்.ஓ. கோப்பு இணைந்திருக்க வேண்டும்.

வட்டு இருந்தும் எழவில்லையா? அங்கேதான் பலரும் திகைக்கிறார்கள். பழைய பயாஸ் முறை, வட்டின் முதல் 512 பைட்டுகளில் தொடக்கக் கட்டளையைத் தேடும். ஈ.எஃப்.ஐ. எனும் புதிய முறையோ, வட்டின் தனிப் பகுதியிலுள்ள ஒரு கோப்பைத் தேடும். 2021-இல் வந்த விண்டோஸ் 11 புதிய முறையையே கேட்கிறது. நிறுவியபோது ஒரு முறையும் இப்போது மற்றொரு முறையும் இருந்தால், வாசல் மாறிக் கதவைத் தட்டிய கதைதான். ஈ.எஃப்.ஐ. கட்டத்திலுள்ள குறியை மாற்றிப் பாருங்கள்; வட்டிலுள்ளவை அழியமாட்டா.

செயலியின் மெய்நிகர் வசதி முடக்கப்பட்டுள்ளது என்று செய்தி வந்தால், வீட்டுக்காரரிடம்தான் முறையிட வேண்டும்! உண்மைக் கணினியின் பயாஸில் அதனை இயக்க வேண்டும்.

லினக்ஸ் பாதிவழி எழுந்து நின்றுவிட்டால், முன்னரே எடுத்து வைத்த ஸ்நாப்ஷாட்டுக்குத் திரும்பலாம். ஆனால் அதற்குப் பின் செய்த வேலை போய்விடும். ஆதலால் அக்கணினியை அணைத்து, அதன் கோப்புறை முழுவதையும் முதலில் பிரதி எடுங்கள். ஃபேட் 32 முறையிலுள்ள பென் டிரைவ் 4 ஜி.பி.யோ அதற்கு மேலோ உள்ள ஒற்றைக் கோப்பை ஏற்காது. எக்ஸ்ஃபேட் முறையிலுள்ளதைக் கேட்டு வாங்குங்கள்.