பழைய விண்டோஸை அழிக்கும் முன்…

கணினியை ஆன் பண்ணினால் கறுப்புத் திரையில் இரண்டு வரி. முதல் வரியில் விண்டோஸ் 7. இரண்டாவது வரியிலும் விண்டோஸ் 7. எதையும் தொடாமல் இருந்தால் 30 நொடி கழித்து முதலாவது திறக்கும். வைரஸ் வந்து கணினி படுத்துவிட்டபோது, சரிசெய்ய வந்த தம்பி பழசை அழிக்காமல் பக்கத்து டிரைவில் புதிதாக ஒன்றைப் போட்டுவிட்டுப் போயிருந்தார். இடம் வீணாகிறதே என்று பழசை நீக்க உட்கார்ந்தேன். நல்லவேளை, அவசரப்படவில்லை. மடவார் வளாகம் கோயிலைப் பற்றிப் பல வருடமாக எடுத்த குறிப்புகள் அதற்குள்தான் இருந்தன.

முதலில் எது பழசு, எது புதுசு என்று தெரிய வேண்டும். டிரைவ் எழுத்தை நம்பக் கூடாது. பெரும்பாலும் ஒவ்வொரு விண்டோஸும் தான் இருக்கும் இடத்தையே 'சி' என்று சொல்லிக்கொள்ளும். புதியதில் நுழைந்து, 'கம்ப்யூட்டர்' ஐகானில் வலது கிளிக் செய்து, 'மேனேஜ்', அதற்குள் 'டிஸ்க் மேனேஜ்மென்ட்' போங்கள். 'பூட்' என்று எழுதியிருக்கும் பகுதியில்தான் இப்போது ஓடும் விண்டோஸ் இருக்கிறது. 'சிஸ்டம்' என்று எழுதியிருக்கும் பகுதியில் கணினியைத் தொடக்கிவைக்கும் கோப்புகள் இருக்கின்றன. இந்த இரண்டும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. பழைய விண்டோஸ் இருக்கும் பகுதியிலேயே 'சிஸ்டம்' என்றும் போட்டிருந்தால் அந்தப் பகுதியை அழிக்கவே கூடாது. அழித்தால் புதியதும் திறக்காது. வீட்டை இடிக்கும்போது பொதுச் சுவரையும் சேர்த்து இடித்த கதைதான். 100 எம்.பி. அளவில் சின்னதாக ஒரு பகுதி தெரிந்தால் அதையும் தொடாதீர்கள்.

அடுத்து, உள்ளே இருப்பதை வெளியே எடுக்க வேண்டும். பழைய டிரைவைத் திறந்தால் 'யூசர்ஸ்' என்று ஒரு ஃபோல்டர் இருக்கும் (எக்ஸ்பி என்றால் 'டாக்குமென்ட்ஸ் அண்ட் செட்டிங்ஸ்'). டெஸ்க்டாப்பில் வைத்தது, டவுன்லோடு செய்தது எல்லாம் அதற்குள்தான். அனுமதி இல்லை என்று சொன்னால் 'கன்டினியூ' கொடுங்கள். எல்லாவற்றையும் வெளி ஹார்ட்டிஸ்கில் காப்பி எடுத்து, நாலைந்து கோப்புகளைத் திறந்தும் பாருங்கள்.

நான் திறந்து பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. குறிப்புகள் எல்லாம் ஆங்கில எழுத்தாகக் கிடந்தன! பாமினி எழுத்துருவில் அடித்தவை அவை. யூனிகோடில் 1991-இலேயே தமிழுக்கு இடம் கிடைத்துவிட்டது. ஆனால் நம்மில் பலர் அதற்குப் பிறகும் வெகுகாலம் பாமினி, வானவில் என்றுதான் அடித்துக்கொண்டிருந்தோம். பாமினியில் 'தமிழ்' என்று அடித்தால் கோப்பில் பதிவாவது ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியும்தான். அதைத் தமிழாகக் காட்டுவது எழுத்துரு. அந்த எழுத்துருவோ பழைய விண்டோஸின் 'ஃபான்ட்ஸ்' ஃபோல்டரில் இருந்தது. பழசை அழித்திருந்தால் குறிப்புகள் மிஞ்சும், படிக்க முடியாது. அதனால் கோப்புகளோடு எழுத்துருக்களையும் காப்பி எடுங்கள். புதியதில் அவற்றின்மேல் வலது கிளிக் செய்து 'இன்ஸ்டால்' கொடுத்தால் போதும். நேரம் கிடைக்கும்போது என்.எச்.எம். கன்வர்ட்டர் போன்ற ஒன்றைக் கொண்டு யூனிகோடுக்கு மாற்றிவிடுவது இன்னும் நல்லது.

இனி நீக்கலாம். 'ரன்' பெட்டியில் எம்எஸ்கான்ஃபிக் என்று ஆங்கிலத்தில் அடித்து, 'பூட்' பக்கத்துக்குப் போங்கள். 'கரன்ட் ஓஎஸ்' என்று இருப்பதை விட்டுவிட்டு மற்றதைத் தேர்ந்து 'டெலிட்' கொடுங்கள். இதில் போவது மெனுவில் உள்ள பெயர் மட்டும்தான். கோப்புகள் அப்படியே இருக்கும். ஒரு வாரம் அப்படியே ஓட்டுங்கள், ஏதாவது விட்டுப்போயிருந்தால் எடுத்துக்கொள்ளலாம். பிறகு அந்தப் பகுதியில் 'சிஸ்டம்' குறி இல்லை என்பதை மறுபடி பார்த்துவிட்டு ஃபார்மட் செய்யுங்கள். புதிய விண்டோஸோடு அதைச் சேர்க்க முடியவில்லையே என்று கவலைப்பட வேண்டாம். டிஸ்க் மேனேஜ்மென்ட்டில், வலப்பக்கம் ஒட்டியிருக்கும் காலியிடத்தைத்தான் சேர்க்க முடியும். பழசு பெரும்பாலும் இடப்பக்கம் இருக்கும். அதைத் தனி டிரைவாக வைத்துக் குறிப்புகளைப் போட்டு வையுங்கள். அடுத்த முறை விண்டோஸ் படுத்தாலும் அவை தப்பிக்கும்.

2011 முதல் தமிழக அரசு மாணவர்களுக்குக் கொடுத்த விலையில்லா மடிக்கணினி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அதில் விண்டோஸோடு, சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் வந்தது. இரண்டில் எதைத் திறப்பது என்று கேட்பது 'கிரப்' என்ற லினக்ஸ் நிரல். லினக்ஸ் பகுதியை மட்டும் நேராக அழித்தால் கிரப் பாதியில் நின்றுவிடும், விண்டோஸும் திறக்காது. விண்டோஸ் தொடக்கப் பதிவை முதலில் சரிசெய்துவிட்டு, அப்புறம்தான் லினக்ஸில் கை வைக்க வேண்டும்.

வரிசை இதுதான்: கோப்பு, எழுத்துரு, மெனு, கடைசியாக டிரைவ். தலைகீழாகச் செய்தால் திரும்பி வர வழியில்லை.