செலவு வேறு, தாமதம் வேறு

புத்தளத்துக்கு வடக்கே அருவக்காட்டில் வெட்டிய சுண்ணக்கல் ரயிலேறிப் பாலாவி சீமெந்து ஆலைக்கு வரும். அங்கே அதற்கு நேரும் தாக்கங்களில் மெதுவானது எது என்று உயர்தர மாணவர்களைக் கேட்டால், பலரும் சுண்ணக்கல் பிரியும் படியைத்தான் காட்டுவார்கள். ஒரு மூல் கல்சியம் காபனேற்று பிரிய ஏறத்தாழ 178 கிலோயூல் வேண்டும். ஆலையின் வெப்பத்தை அதிகம் தின்பதும் அந்தப் படிதான்.

விடை பிழை. அந்த 178, தொடக்கத்துக்கும் முடிவுக்கும் உள்ள மட்ட வித்தியாசம். வேகத்தைச் சொல்வது இடையிலுள்ள மேடு, அதாவது ஏவற்சக்தி.

சக்தி வரிப்படத்தில் மேட்டை அளப்பதிலும் ஒரு பொறி உண்டு. தொடக்கம் 0, முதல் மேடு 60, நடுப்பள்ளம் 20, இரண்டாம் மேடு 70 கிலோயூல் என்று வைப்போம். தனித்தனியே பார்த்தால் ஏற்றம் 60, பிறகு 50. முதற்படியே மெதுவானது என்று தோன்றும். ஆனால் பள்ளத்தில் இறங்கிய மூலக்கூறு பின்னே திரும்ப 40 ஏறினால் போதும், முன்னே போக 50 வேண்டும். பெரும்பாலானவை திரும்பிவிடும். ஆகவே உண்மையான தடை 0இலிருந்து 70. வீதத்தை நிர்ணயிப்பது இரண்டாம் படி. இனிப் பள்ளத்தை -30க்கு ஆழமாக்கி, இரண்டாம் மேட்டை 50க்குத் தாழ்த்துங்கள். உயர்ந்த உச்சி இப்போது முதலாவது. ஆனாலும் பள்ளத்திலிருந்து 80 ஏற வேண்டியிருப்பதால் மெதுவானது இரண்டாவதே.

ஆலைக்குத் திரும்புவோம். நவீன ஆலைகளில் தூளாக்கிய சுண்ணக்கல் சூளைக்குள் நுழையுமுன்பே சில செக்கன்களில் பெரும்பாலும் பிரிந்துவிடுகிறது. பெலைட் என்ற கல்சியம் சிலிக்கேற்றும் சுண்ணாம்பும் சேர்ந்து, கல்சியம் கூடிய எலைட் என்ற சிலிக்கேற்று ஆகும் கடைசிப் படிக்கோ வெப்பம் கொஞ்சம்தான். ஆனால் 1450 பாகை செல்சியஸும் பல நிமிடங்களும் வேண்டும். கல்சியம் அயன்கள் நகர்ந்து போய்ச் சேரவேண்டுமே! இரும்பும் அலுமினியமும் கலந்த பகுதி உருகி அவற்றுக்கு வழிவிடுகிறது. இந்தத் தாமதத்தில் ஒரு பகுதி, மேட்டுப் படத்தில் அகப்படாத பயணத் தாமதம்.

1250 பாகைக்குக் கீழே எலைட் நிலைக்காது. மறுபடி பெலைட்டும் சுண்ணாம்புமாகப் பிரிய வேண்டியது. சூளையிலிருந்து வரும் கட்டிகளான கிளிங்கரைக் காற்றூதி அவசரமாகக் குளிரவைப்பதற்கு இதுவும் ஒரு காரணம். பின்னோக்கிய மேட்டை ஏறச் சக்தியில்லாமல் எலைட் அங்கேயே சிக்கிவிடும். கற்பிட்டியில் மேசன் மூடையை அவிழ்த்து மணலோடு குழைப்பது, அப்படிச் சிக்கிய எலைட்டைத்தான்.