பழைய பேனா ஏன் மை கக்குகிறது?

வீட்டில் தாத்தாவின் டிரங்குப் பெட்டியையோ, பரணில் கிடக்கும் பழைய மேசையின் இழுப்பறையையோ குடைந்தால் ஒரு மைப்பேனா கிடைக்கக்கூடும். மூடியின் கொக்கியில் களிம்பு ஏறியிருக்கும். கழுத்தில் மை காய்ந்து ஒட்டியிருக்கும். அதைக் கழுவி, மை ஊற்றி எழுதிப் பாருங்கள். முதல் இரண்டு நாள் அழகாக எழுதும். மூன்றாம் நாள் நோட்டுப் புத்தகத்தின் நடுவே சொட்டென்று ஒரு பெரிய துளியை விடும். "இது கக்குகிற பேனா" என்று தீர்ப்புச் சொல்லி யாராவது அதைத் தூக்கி எறிந்துவிடுவார்கள். எத்தனையோ நல்ல பேனாக்கள் இப்படிக் குப்பைக்குப் போயிருக்கின்றன. குற்றம் பெரும்பாலும் பேனாவினுடையது அன்று. அதனுள் இருக்கும் காற்றினுடையது.

பேனா ஏன் கக்குகிறது என்று கேட்பதற்கு முன், மற்ற நேரங்களில் அது ஏன் கக்காமல் இருக்கிறது என்று கேட்க வேண்டும். பில்லரால் மை ஊற்றும் சாதாரணப் பேனாவைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே இருப்பது வெறும் குழாய். அதில் 2 மி.லி. அளவுக்கு மை இருக்கிறது. கீழே நிப்பு, அதன் நடுவே ஒரு பிளவு, நிப்பின் அடியில் ஒட்டினாற்போல் ஒரு கறுப்புக் கட்டை. இதைப் பலரும் நாக்கு என்பார்கள். எழுதும்போது பேனாவைத் தலைகீழாகத்தான் பிடிக்கிறோம். அப்படியானால் மை முழுவதும் கொட்டிவிட வேண்டும் அல்லவா?

ஓர் உறிஞ்சு குழலை நீரில் அமிழ்த்தி, மேல் நுனியை விரலால் மூடிக்கொண்டு தூக்குங்கள். நீர் கீழே விழாது. விரலை எடுத்தால் உடனே விழும். மேலே காற்று புக வழியில்லாதபோது, கீழேயிருந்து வளிமண்டல அழுத்தம் நீரைத் தாங்கிக்கொள்கிறது. பேனாவும் மேலே மூடிய குழாய்தான். மை கொஞ்சம் இறங்க முற்பட்டால் உள்ளிருக்கும் காற்று விரிந்து, அதன் அழுத்தம் சற்றே குறையும். அந்தக் குறைவு மையைப் பிடித்து நிறுத்தும்.

ஆனால் மை ஒரேயடியாக நின்றுவிட்டால் எழுத முடியாதே! இங்கேதான் நிப்பின் பிளவு வேலை செய்கிறது. ஆய்வுக்கூடத்தில் இரண்டு கண்ணாடித் தகடுகளை எடுத்து, ஓர் ஓரம் ஒட்டியும் மறு ஓரம் ஒரு தீக்குச்சி அளவு விலகியும் இருக்கும்படி ரப்பர் வளையத்தால் கட்டி, மை கலந்த நீரில் நிற்க வையுங்கள். இடைவெளி குறுகக் குறுக நீர் மேலே மேலே ஏறி, அழகான வளைகோடாக நிற்கும். பரப்பு இழுவிசையின் வேலை இது. கணக்குப் போட்டும் பார்க்கலாம். மையின் பரப்பு இழுவிசை மீட்டருக்கு 0.05 நியூட்டன் என்று வைத்துக்கொள்வோம். 0.1 மி.மீ. அகலமுள்ள பிளவு, ஏறக்குறைய 10 செ.மீ. உயர மைத்தம்பத்தைத் தாங்கும். பேனாக் குழாயின் நீளமே அவ்வளவு இருக்காது. நிப்பு தாளைத் தொட்டவுடன் தாளின் இழைகளுக்கு இடையே உள்ள இன்னும் நுண்ணிய இடுக்குகள் மையைத் தம் பக்கம் இழுக்கின்றன. தாளை விட்டு எடுத்தால் ஓட்டம் நின்றுவிடுகிறது.

இறங்கிய மைக்கு ஈடாகக் காற்று உள்ளே போக வேண்டும். போகாவிட்டால் பேனா இரண்டு வரி எழுதிவிட்டு வறண்டுவிடும். அமெரிக்காவில் லூயிஸ் வாட்டர்மேன் என்பவர் 1884-இல் காப்புரிமை பெற்ற நாக்கு இதைத் திறமையாகத் தீர்த்தது. நாக்கின் மேல் நீளவாட்டில் ஒரு பள்ளம். அந்தப் பள்ளத்தின் அடியில் மயிரிழை போன்ற கீறல்கள். கீறல்கள் வழியாக மை இறங்கும். பள்ளத்தின் வழியாகக் காற்று ஏறும். (அவர் காப்பீட்டு முகவராக இருந்ததாகவும், ஒப்பந்தத் தாளில் மை கொட்டியதால் மனம் நொந்து பேனா செய்ததாகவும் ஒரு கதை உண்டு. சுவையான கதைதான், நம்பத் தகுந்த சான்று இல்லை.)

இனி, கக்கும் பேனாவுக்கு வருவோம். மை பாதிக்குமேல் தீர்ந்து, உள்ளே 2 மி.லி. காற்று இருக்கிறது என்று கொள்ளுங்கள். அறையின் வெப்பநிலை 30 டிகிரி செல்சியஸ். உங்கள் கைச்சூட்டில் பேனா 35 டிகிரிக்கு வருகிறது. சார்லஸ் விதிப்படி காற்றின் பருமன் 303-க்கு 5 பங்கு, அதாவது சுமார் 60-இல் ஒரு பங்கு விரியும். 2 மி.லி. காற்றுக்கு அது 0.033 மி.லி. ஒரு மி.லி.க்கு 20 சொட்டு என்றால், இது முக்கால் சொட்டுக்குச் சற்றுக் குறைவு. விரியும் காற்றுக்குப் போக இடமில்லை. எதிரே இருக்கும் மையைத் தள்ளுகிறது. நாக்கில் ஏற்கெனவே தயாராக இருக்கும் மையோடு இதுவும் சேர்ந்தால் நோட்டில் துளி விழும். குளிர்காலத்தில் தில்லியில் 15 டிகிரி அறையில் எழுதும் மாணவனுக்கு இதே கணக்கில் ஏறக்குறைய இரண்டே முக்கால் சொட்டு வரும்.

மை நிறைய இருக்கும்போது காற்று அரை மி.லி.தான். அப்போது விரிவு ஆறில் ஒரு சொட்டு. இதை நாக்கே தாங்கிக்கொள்ளும். பேனா புதிதாக மை ஊற்றிய அன்று ஒழுங்காக எழுதி, மூன்றாம் நாள் கக்குவதன் காரணம் புரிகிறதா? கக்குகிற பேனாவுக்கு முதல் மருந்து, மை பாதியாகும்போதே மறுபடி நிரப்புவது. நிப்பை மாற்றுவதும் நாக்கைச் சுரண்டுவதும் பிறகு. நாக்கைச் சுரண்டிக் கெடுத்த பேனாவைச் சரிசெய்வது மிகக் கடினம்.

பேனா செய்தவர்கள் இந்தக் காற்றோடு எப்படியெல்லாம் மல்லுக்கட்டினார்கள் என்பதுதான் பழைய பேனாக்களைச் சேர்ப்பதில் எனக்குப் பிடித்த பகுதி. வால்டர் ஷீஃபர் 1908-இல் காப்புரிமை பெற்ற முறையில், உள்ளே ஒரு ரப்பர் பை. வெளியே ஒரு சிறு நெம்புகோல். நெம்பினால் பை நசுங்கும். விட்டால் மையை உறிஞ்சும். பைக்கும் பேனாவின் சுவருக்கும் இடையே உள்ள காற்று, கைச்சூட்டை எளிதில் உள்ளே விடாது. ஜெர்மனியின் பெலிக்கான் 1929-இல் திருகினால் ஏறி இறங்கும் உந்துதண்டைக் கொண்டுவந்தது. 1941-இல் வந்த பார்க்கர் 51 பேனாவிலோ, மூடிய கூட்டுக்குள் நெருக்கமான மெல்லிய தகடுகள் அடுக்கப்பட்டிருந்தன. கூடுதலாகத் தள்ளப்படும் மையை அந்த இடுக்குகள் பிடித்து வைத்துக்கொண்டு, எழுதும்போது திருப்பிக் கொடுக்கும். அதே கண்ணாடித் தகடு சோதனைதான்!

நம் நாட்டுப் பேனாக்கள் வேறு வழியில் போயின. ராஜமுந்திரியில் 1932 முதல் செய்யப்பட்ட ரத்தினம் பேனாக்களும், திருவள்ளூரில் கடைசல் இயந்திரத்தில் கையால் கடையப்படும் பேனாக்களும் எபனைட்டால் ஆனவை. ரப்பருடன் சுமார் 30 சதவீதம் கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் கிடைக்கும் கடினப் பொருள் இது. வெப்பத்தை மிக மெதுவாகக் கடத்தும். அதனால் தடித்த சுவருடன் கடைந்தால் கைச்சூடு உள்ளே போகத் தாமதமாகும். எபனைட் நாக்கில் மை நன்றாகப் படிந்து பரவும் என்பதும் ஒரு நன்மை.

கையில் கிடைத்த பேனா என்ன பொருள் என்று தெரியாமல் அதைக் கழுவத் தொடங்காதீர்கள். கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்து முகர்ந்து பாருங்கள். கந்தக வாடை வந்தால் எபனைட். வெந்நீர் பட்டால் பழைய எபனைட்டின் கறுப்பு மங்கிப் பழுப்பாகும். வெயிலும் அப்படியே செய்யும். கற்பூர மணம் வந்தால் செல்லுலாய்டு. நைட்ரோசெல்லுலோசும் கற்பூரமும் சேர்ந்தது, எளிதில் தீப்பற்றும். சிலர் சூடான ஊசியால் குத்திப் பார்க்கச் சொல்வார்கள். ஒருபோதும் செய்யாதீர்கள். பால் புரதமான கேசினால் செய்த பேனாக்களும் உண்டு. அவற்றை நீரில் ஊறவைத்தால் உப்பிப் போகும். ஐயம் இருந்தால் நிப்பும் நாக்கும் உள்ள முன்பகுதியை மட்டும் குளிர்ந்த நீரில் சற்று நேரம் வையுங்கள். ஸ்பிரிட் வேண்டாம், சில பிளாஸ்டிக்குகளை அது கரைத்துவிடும். மரை இறுகியிருந்தால் குறடு வைத்துத் திருகாதீர்கள். பொறுமைதான் குறடு.

நிப்பில் 14 என்ற எண் இருந்தால், 24 பங்கில் 14 பங்கு தங்கம் என்று பொருள். ஆடம்பரத்துக்காக மட்டும் தங்கம் போடவில்லை. அந்தக் கால நீலக்கறுப்பு மை, இரும்பு உப்பும் கடுக்காயில் உள்ளது போன்ற டானின் பொருளும் சேர்ந்த அமிலக் கலவை. எழுதும்போது வெளிறியிருக்கும், காற்றுப் பட்டு ஆக்சிஜனேற்றம் அடைந்தபின் கறுக்கும். எழுதும்போதே கண்ணுக்குத் தெரிவதற்காக நீலச்சாயம் கலந்தார்கள். இந்த அமிலம் சாதாரண எஃகு நிப்பை அரித்துவிடும். தங்கத்தை ஒன்றும் செய்யாது. ஆனால் தங்கம் தாளில் உராய்ந்து தேயும். ஆகவே நிப்பின் முனையில் ஆஸ்மியம், இரிடியம் போன்ற கடின உலோகக் கலவையில் ஒரு சிறு மணியைப் பற்றவைத்தார்கள். உருப்பெருக்கியால் பார்த்தால் தெரியும். அந்த மணி உதிர்ந்துபோன பேனாவை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் நான் வாங்கமாட்டேன்.

போவதற்கு முன் ஒரு கணக்கு. மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்குப் பேருந்தில் போகிறீர்கள். ஏறும்போது வளிமண்டல அழுத்தம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. பேனாவில் 2 மி.லி. காற்று. பாய்ல் விதிப்படி அது 2.5 மி.லி. ஆகும். நிப்பு கீழ்நோக்கி இருந்தால் 10 சொட்டு மை மூடிக்குள் வந்துவிடும். நிப்பு மேல்நோக்கி இருந்தால் காற்று மட்டும் வெளியேறும். அதனால்தான் பேனாவைச் சட்டைப் பையில் நிமிர்த்திச் செருகுகிறோம். சரி, உதகையிலிருந்து இறங்கும்போது நிப்பு கீழ்நோக்கி இருந்தால் என்ன நடக்கும்? நண்பர்களோடு விவாதித்துப் பாருங்கள்.