‘நல்லாருக்கு’ என்றால் நம்பாதீர்கள்!

பெண் பார்க்கப் போன இடத்தில் பஜ்ஜித் தட்டை நீட்டி, ‘‘எப்படி இருக்கு மாப்பிள்ளை?’’ என்று கேட்கிறார்கள். உப்பு கொஞ்சம் தூக்கல்தான். சொல்வீர்களா? ‘‘பிரமாதம்!’’ என்பீர்கள். ஆனால் இரண்டாவது பஜ்ஜி பக்கம் கை போகாது. வாய் சொன்னது மரியாதைக்கு. தட்டில் மிச்சமிருப்பதுதான் நிஜம்.

புதுசாக ஒரு பொருளை விற்கக் கிளம்புகிறவர்களுக்கு முதல் பாடம் இதுதான் என்பேன். கம்பெனிகளில் ‘பிராடக்ட் மேனேஜர்’ என்று ஒருவர் இருப்பார். ஜனங்களுக்கு நிஜமாகவே என்ன வேண்டும் என்று மோப்பம் பிடிப்பதுதான் அவர் உத்தியோகம். நான் படித்த பி.காமில் பற்று, வரவு எல்லாம் உண்டு. இந்த மோப்ப வித்தை மட்டும் சிலபஸில் இல்லை!

இதில் பெரிய தலைகளே சறுக்கியிருக்கின்றன. 1985ல் கோகோ கோலா தன் ருசியை மாற்ற நினைத்தது. சுமார் இரண்டு லட்சம் பேருக்குக் குடிக்கக் கொடுத்துக் கேட்டார்கள். ‘புதுசுதான் டேஸ்ட்’ என்றது பெரும்பான்மை. ஏப்ரலில் ‘நியூ கோக்’ வந்தது. அவ்வளவுதான், போனிலும் கடிதத்திலும் அமெரிக்கர்கள் திட்டித் தீர்த்துவிட்டார்கள். 79 நாளில் பழைய கோக் திரும்பி வந்தது. ‘எது ருசி?’ என்று கேட்டவர்கள், ‘இனிமேல் பழசு கிடைக்காது, பரவாயில்லையா?’ என்ற கேள்வியை லேசாக எடுத்துக்கொண்டதுதான் வினை.

அதே அமெரிக்காவில் ஜெஃப் ஹாக்கின்ஸ் என்றொரு கெட்டிக்காரர். கையடக்கக் கம்ப்யூட்டர் செய்ய ஆசை. ஃபேக்டரிக்கு ஓடவில்லை. சட்டைப் பையில் நுழைகிற அளவுக்கு ஒரு மரக்கட்டையை அறுத்தார். போகிற இடமெல்லாம் அதைக் கொண்டுபோனார். யாராவது ‘எப்போ சந்திக்கலாம்?’ என்றால் கட்டையை எடுத்து, குச்சியால் தட்டி, டைரி பார்க்கிற மாதிரி பாவனை! பார்த்தவர்கள் என்ன நினைத்தார்களோ... பை கொள்ளுமா, எதற்கெல்லாம் அதை வெளியே எடுக்கத் தோன்றுகிறது என்பது அவருக்குப் பைசா செலவில்லாமல் தெரிந்தது. 1996ல் ‘பைலட்’ என்ற பெயரில் வந்த அந்தக் கருவி அமோகமாக விற்றது.

நம்ம ஊர் மட்டும் இளைத்ததா? கடலூர் சின்னி கிருஷ்ணன், பாட்டில் ஷாம்பு வாங்க முடியாதவர்களுக்காகச் சின்ன பாக்கெட்டில் ஷாம்பு என்ற யோசனையைப் பிடித்தார். அவர் மகன் சி.கே.ரங்கநாதன் 1983ல் பதினைந்தாயிரம் ரூபாயோடு தனியாக வந்து ‘சிக்’ ஷாம்பு ஆரம்பித்தார். கிராமத்தில் பையன்களை உட்காரவைத்து, எல்லாரும் பார்க்கத் தலைக்குத் தேய்த்துக் காட்டினார்கள். ஐந்து காலி பாக்கெட் கொண்டுவந்தால் ஒரு சிக் இலவசம் என்றார்கள். ‘ஷாம்பு போடுறேன்’ என்று வாய் பொய் சொல்லலாம். காலி பாக்கெட் சொல்லுமா?

எனக்குத் தெரிந்த தம்பி ஒருவர், ஆபீஸ் வேலையை விட்டுவிட்டு வீடு வீடாக இட்லி மாவு சப்ளை செய்யப் போவதாக வந்தார். பி.எஃப். பணம், மனைவியின் வளையல் எல்லாம் கணக்கில் இருந்தன.

‘‘இருபது வீட்ல கேட்டுட்டேண்ணே. எல்லாரும் சூப்பர்னாங்க!’’

‘‘எத்தனை பேர் அட்வான்ஸ் கொடுத்தாங்க?’’

முகம் சுருங்கிப் போனது. ‘‘ஒரு வாரத்துக்கு முன்பணம் கேட்டுப் பாருங்க. ‘வாங்குவீங்களா’ன்னு கேட்காதீங்க. ‘போன வாரம் மாவுக்கு என்ன பண்ணீங்க’ன்னு கேளுங்க’’ என்றேன்.

பணம் கொடுத்தது நாலே வீடு. பாக்கிப் பேர், ‘‘மாவு தெருமுனைக் கடையிலேயே கிடைக்குதே தம்பி! காய் நறுக்கிக் கொடுத்தா சொல்லுங்க. காலையில அதுக்குத்தான் நேரமில்லை’’ என்றார்களாம். இப்போது ஆபீஸுக்குக் கிளம்புமுன் பத்து வீட்டுக்கு நறுக்கிய காய் கொடுத்துப் பார்க்கிறார். வேலையும் பத்திரம், வளையலும் பத்திரம்.

கடைசியாக ஒன்று. இந்தக் கட்டுரை ‘நல்லாருக்கு’ என்று எனக்கு எழுதாதீர்கள். பக்கத்து சீட்காரருக்குப் படிக்கக் கொடுத்தீர்களா? அதைச் சொல்லுங்கள், நம்புகிறேன்!